எட்டாம் பாட்டு உங்களுக்கு: வீட்டோடு முடங்கியவர்கள் கூடித் தேவாரம் பாட ஒரு வழிகாட்டி

கடைசிப் படி வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. வலது முழங்கால் சில்லு உடைந்தது. கோவையில் லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு எனக்கு. பதினொரு வாரம் கீழே இறங்கவில்லை. கணவர் காலமாகி ஆறு வருடம், மகன் வெளிநாட்டில். சமையலுக்கு வரும் அம்மிணி பத்து மணிக்குக் கிளம்பிவிட்டால் மறுநாள் காலை வரை பேச்சுத்துணை கிடையாது. ஜன்னலில் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டு மொட்டைமாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான்.

அந்தப் பதினொரு வாரத்தில்தான் போன் வழியாக நாலு பேர் சேர்ந்து தேவாரம் பாட ஆரம்பித்தோம். இன்றைக்கு ஒன்பது பேர் இருக்கிறோம். எப்படித் தொடங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். இதற்குக் கால் உடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டு நகர முடியாதவர்கள், புது ஊரில் ஆள் தெரியாமல் இருப்பவர்கள், ஒரு சாவுக்குப் பிறகு நாலு பேர் முகத்தைப் பார்க்க மனம் வராதவர்கள், யாரும் செய்யலாம். பாட்டு கற்றிருக்க வேண்டியதும் இல்லை. ஐம்பது வருடம் வாயைத் திறந்து பாடாதவள் நான்.

முதல் வாரம்: காதை மட்டும் திறந்து வையுங்கள்

ஒரே ஒரு பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிகம் என்றால் பத்துப் பாட்டு. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் பதினொன்று. தேவாரம் டாட் ஆர்க், சைவம் டாட் ஆர்க் ஆகிய இரண்டு தளங்களிலும் பாடலும் ஒலிப்பதிவும் இலவசமாகக் கிடைக்கின்றன. கோயிலில் தேவாரம் பாடுபவரை ஓதுவார் என்பார்கள்; தருமபுரம் ப. சுவாமிநாதன் ஓதுவாரின் ஒலிப்பதிவு கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். பக்கவாத்திய ஆரவாரம் சொல்லை மூடாது, ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும்.

ஒரு வாரம் கேட்பது மட்டும்தான் வேலை. காலையில் ஒரு முறை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு முறை. மூன்றாம் நாள் பாட்டைப் பெரிய எழுத்தில் ஒரு நோட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். அச்சில் இருப்பதை அப்படியே எழுதாமல், சொற்களைப் பிரித்து எழுதுங்கள். புணர்ந்து கிடக்கும் செய்யுளைப் பார்த்து மிரள்பவர்கள் பிரித்து எழுதியதும், "அட, இது நம்ம பேசற தமிழ்தானே" என்பார்கள். மூச்சு எங்கே விட வேண்டும் என்பதும் அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

எந்தப் பதிகம்

இதில் அவசரப்பட வேண்டாம். உங்கள் மனநிலைக்கு ஒத்துவராத பாட்டை எடுத்தால் நாலு நாளில் கை கழுவிவிடுவீர்கள். நாங்கள் பாடிப் பார்த்ததில் புதியவர்களுக்கு ஒத்துவந்தவை மூன்று.

முதலாவது, அப்பரின் ‘மாசில் வீணையும்’. சைவப் பாடல்களின் தொகுப்பான பன்னிரு திருமுறையில் ஐந்தாவதில் 90-ஆவது பதிகம், திருக்குறுந்தொகை என்ற பாவகை. அடிகள் சிறியவை, பாட்டுக்கு நாலே அடி. பல்லவ மன்னன் ஆணையால் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கப்பட்டபோது பாடியது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. சின்ன வயதில் மனப்பாடம் செய்தபோது இது உறைக்கவில்லை. கட்டிலில் கிடந்து எதிர்வீட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டபோதுதான் கவனித்தேன். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் குளம் என்று அந்த மனிதர் அடுக்குகிற ஒன்றுகூட அந்த அறைக்குள் இருந்திருக்க முடியாது. எல்லாம் சுவருக்கு வெளியே இருப்பவை. அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, ஈசன் அடி நிழல் இந்த மாதிரி இருக்கிறது என்கிறார். அன்றைக்கு நான் அழுதது வலிக்காக இல்லை.

இரண்டாவது, சம்பந்தரின் நமச்சிவாயத் திருப்பதிகம், ‘காதலாகிக் கசிந்து’ என்று தொடங்குவது. மூன்றாம் திருமுறை, 49-ஆவது பதிகம், கௌசிகப் பண் (பண் என்றால் பழந்தமிழ் ராகம்); இன்றைய வழக்கில் பைரவி. கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் ‘நமச்சிவாயவே’ என்று முடிவதால் பாடுபவருக்கு வரி மறந்தாலும் கடைசிச் சொல்லைப் பிடித்துக் கரையேறிவிடலாம். நாலு பேர் சேர்ந்து தொடங்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

மூன்றாவதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். சுந்தரர் கண்பார்வை இழந்து, காஞ்சியில் ஒரு கண் மட்டும் பெற்று, திருவாரூருக்கு வந்து பாடிய ‘மீளா அடிமை’. ஏழாம் திருமுறை, 95-ஆவது பதிகம். செந்துருத்திப் பண்ணில் தேவாரத்திலேயே இந்த ஒரு பதிகம்தான் இருக்கிறது. அடியார்கள் முகம் வாடித் தங்கள் துன்பத்தைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறீரே, சரி, ‘வாழ்ந்து போதீரே’ என்று முடியும். நல்லா இருங்க சாமி என்று நாம் எரிச்சலில் சொல்வோமே, அதே தொனி. கடவுள்மேல் கோபத்தோடு இருக்கும் ஒருவரிடம் ‘மனசை அமைதியா வெச்சுக்கங்க’ என்று சொல்வதைப் போலக் கடுப்பேற்றுவது வேறில்லை. அவர்களிடம் இந்தப் பதிகத்தைக் கொடுங்கள். கணவரைப் பறிகொடுத்த நாகர்கோவில் டீச்சர் ஒருவர் எங்கள் குழுவில் முதலில் பாடச் சம்மதித்தது இதைத்தான்.

சைவம் உங்கள் வழி இல்லையென்றால் பரவாயில்லை. நம்மாழ்வாரின் திருவாய்மொழியும் பதிகம் பதிகமாகத்தான் பிரிந்திருக்கிறது. மார்கழிக்குத் திருப்பாவையின் முப்பது பாட்டு நாளுக்கொன்றாகக் கச்சிதமாக வரும். கிறிஸ்தவர்களுக்குக் கீர்த்தனை இருக்கிறது, சரணம் சரணமாகப் பிரித்துக்கொள்ளலாம். கீழே சொல்லும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

நாலு பேரைப் பிடிப்பது

‘பக்திக் குழு ஆரம்பிக்கிறேன், சேருங்கள்’ என்று நூறு பேருக்கு ஒரே செய்தி அனுப்பாதீர்கள். நூறு கும்பிடு கை வரும், ஒரு ஆள் வரமாட்டார். ஒருவரைக் கூப்பிட்டு, "தினம் சாயங்காலம் இருபது நிமிஷம். ஒரு பாட்டு நீங்க, ஒரு பாட்டு நான்" என்று கேளுங்கள். நான் முதலில் கேட்டது என் பழைய அலுவலகத் தோழியை. அவர் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் தன் அண்ணன் மகளைச் சேர்த்தார். அந்தப் பெண் டொரண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரைக் கூட்டிவந்தாள். அவ்வளவுதான், நாலு பேர்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் குழுவில் இருந்தால் அதிர்ஷ்டம். அங்கே கோயிலில் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுவது இன்றும் உயிரோடு இருக்கும் வழக்கம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. அந்த அக்காவுக்கு அது பள்ளிக்கூடத்திலேயே வாயில் ஏறிவிட்டதாம். நேரமில்லாத நாளில், உடம்பு முடியாத நாளில், பதிகத்தை விட்டுவிட்டுப் பஞ்சபுராணத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஐந்தே பாட்டு, பத்து நிமிடம்.

நேரம் குறிப்பது சிக்கல். இந்தியாவில் மாலை 7 மணி என்றால் மஸ்கட்டில் 5.30, டொரண்டோவில் கோடையில் காலை 9.30. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், 8.30 ஆகிவிடும். முதல் வருடம் இதை மறந்துபோய், அக்காவை ஒரு மணி நேரம் முன்னதாகக் கூப்பிட்டு எழுப்பிவிட்டோம். இருந்தாலும் மாலை 7 மணியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தனியாக இருப்பவர்களுக்கு விளக்கு வைக்கும் நேரம்தான் கடக்க முடியாத நேரம்.

சேர்ந்து பாட முடியாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் நாள் நாலு பேரும் உற்சாகமாக ஒரே குரலில் தொடங்கினோம். இரண்டாவது அடியில் நான் மூன்றாவது சொல்லில் இருந்தேன், மஸ்கட் முதல் சொல்லில் இருந்தது, டொரண்டோவிலிருந்து போன அடி வந்துகொண்டிருந்தது. சந்தைக்கடை. யார் மேலும் தப்பில்லை. இருவர் தாளத்தோடு ஒட்டிப் பாட வேண்டுமென்றால் குரல் போய்ச் சேர்வதில் வினாடியின் நூறில் மூன்று பங்குக்கு மேல் தாமதம் இருக்கக் கூடாது. போனிலும் வீடியோ அழைப்பிலும் அதைவிடப் பல மடங்கு தாமதம் உண்டு. விலை கூடிய போன் வாங்கினாலும் இது தீராது.

அதனால் முறை வைத்துப் பாடுங்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் மியூட்டில் இருந்து தங்கள் அறையில் கூடவே பாடட்டும். அவர்களுக்குக் கேட்பது இரண்டு குரல், ஆகவே சேர்ந்து பாடிய திருப்தி கிடைத்துவிடும். நாலு பேர் என்றால் ஒன்று, ஐந்து, ஒன்பது முதல் ஆளுக்கு, இரண்டு, ஆறு, பத்து அடுத்தவருக்கு என்று சுற்றிவரும். கடைசி ஆளான எனக்கு நாலும் எட்டும் வந்தன. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் இராவணனுடையது. கயிலை மலையைத் தூக்கப் பார்த்து, இறைவன் கால்விரலை ஊன்ற, அடியில் நசுங்கி, அங்கிருந்தே பாடி அருள் பெற்றவன். காலை உடைத்துக்கொண்டு கிடந்தவளுக்குச் சரியான பாட்டுதான் வந்தது என்று தோழி சிரித்தாள். குழு ஒன்பது பேராக வளர்ந்தபிறகும் எட்டாம் பாட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்னும் சில விவரம் சுருக்கமாக. வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். ஒன்பது பேருக்கு அதுவே தாராளம். ஸூம் என்றால் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கத்தரித்துவிடும், அது நல்லதுக்குத்தான். ஆனால் அதன் அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீட்டிப் பிடிக்கும் கார்வையை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அந்தச் செயலி தின்றுவிடும். சுருதிப்பெட்டிக்கும் இதே கதி. அதனால் சுருதியை அனுப்ப முயலாதீர்கள்; அவரவர் அறையில் இன்னொரு போனில் மெல்ல ஓடட்டும். முறை வைத்துப் பாடுவதால் எல்லோரும் ஒரே சுருதியில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நீங்கள் ஐந்தரைக் கட்டை, பக்கத்துப் பாட்டுக்காரர் ஒரு கட்டை என்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. காது மந்தமானவர்களுக்கு வயர் உள்ள இயர்போன் வாங்கிக் கொடுங்கள். அப்புறம், குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்காராதீர்கள்.

தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளக்கட்டு இல்லாமல் பண்ணை மட்டும் விரித்துப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார்கள் சொல்வார்கள். போனில் பாட, அதுவும் புதியவர்களுக்கு, சுத்தாங்கம்தான் வசதி. மூச்சு முட்டினால் நிறுத்தி எடுக்கலாம். தாளம் தப்பியது என்ற வெட்கம் இல்லை.

திருச்சிற்றம்பலம் என்று சொல்லி மியூட் போடுங்கள்

திருமுறை பாடத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்வது மரபு. போன் குழுவில் அதற்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஒருவர் பாடி முடித்தாரா, மறந்துபோய் நிற்கிறாரா, நெட் போய்விட்டதா என்று தெரியாமல் முதல் வாரம் தடுமாறினோம். பிறகு ஒவ்வொருவரும் தம் பாட்டு முடிந்ததும் திருச்சிற்றம்பலம் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். அதைக் கேட்டதும் அடுத்தவர் மியூட்டை எடுப்பார். அந்தச் சொல்லுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவே மூன்று நான்கு வினாடி மௌனம் வரும். எங்கோ ஒரு அறையில் ஒருவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது அதில் மெலிதாகக் கேட்கும். எனக்கு அந்த இருபது நிமிடத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

பாட்டு முடிந்தவுடன் துண்டித்துவிடாமல் ஐந்து நிமிடம் பேசுங்கள். ஐந்தே நிமிடம். யாழ்ப்பாணத்து அக்காவுக்குப் பாட்டைவிடக் காது கூர்மை. "உங்கட குரல் இண்டைக்கு அடைச்ச மாதிரிக் கிடக்கு, என்ன செய்யுது?" என்று கேட்பார். வீட்டில் தனியாக இருப்பவரின் குரல் அடைத்திருப்பதை வேறு யார் கவனிக்கப் போகிறார்கள்?

சண்டை வரும் இடங்கள்

வரும். திருத்துவதில்தான் முதல் சண்டை. ‘ழ’கரம் சரியில்லை, பண் தப்பு என்று பாடும்போதே குறுக்கிடும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். எங்கள் குழுவில் நல்ல சாரீரம் உள்ள ஒரு பெண் இதனாலேயே போய்விட்டாள். திரும்ப அழைத்துவர இரண்டு மாதம் பிடித்தது. குழுவில் திருத்தக் கூடாது, வேண்டுமானால் மறுநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

முறையாகக் கற்க ஆசை வந்தால் ஓதுவார் ஒருவரிடம் போங்கள். 2020-இல் கோயில்கள் பக்தர்களுக்கு மூடியிருந்த மாதங்களில் போனில் சொல்லிக்கொடுக்கப் பழகிய ஓதுவார்கள் இருக்கிறார்கள். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓதுவார் ஐயா ஒருவர் வாரம் ஒரு நாள் எங்களுக்குப் பாடம் சொல்கிறார். மாதா மாதம் கேட்காமலே அவருக்குப் பணம் அனுப்பிவிடுகிறோம். ‘சாமி பாட்டுதானே’ என்று இலவசமாகக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று பத்தாம் பாட்டு. சம்பந்தரின் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் ஏசும். பழைய காலத்துச் சமயச் சண்டை அது. எங்களில் சிலர் பதிகத்தில் ஒரு பாட்டை விட்டால் பதிகம் குறைபடும் என்றார்கள். மஸ்கட் பெண் தன் அறைத்தோழி பௌத்தப் பெண் என்றும் அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாட மாட்டேன் என்றும் சொன்னாள். பாட விரும்பினால் அந்த முறைக்காரர் பாடலாம், இல்லையென்றால் அந்த இடத்தில் பதினொன்றாவதுக்குப் போய்விடலாம் என்று முடிவாயிற்று. ஐயாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் எங்களை விட்டுப் போகவில்லை.

குட்மார்னிங் படங்கள் வேண்டாம் என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வராதவர்களுக்கு

ஒருவர் சொல்லாமல் வரவில்லையென்றால் அன்றிரவே யாராவது கூப்பிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. யார் கூப்பிடுவது என்பதில் குழப்பம் வேண்டாம். அவருக்கு அடுத்த பாட்டுக்காரர் கூப்பிடுவார். டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தது எங்களுக்குத் தெரியவந்தது இப்படித்தான். பதிகத்தில் அவருக்குப் பின்னால் பாடுகிற என் தோழி விடாமல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அனுப்பினாள். குழுவில் சேரும்போதே பக்கத்து வீட்டு எண்ணை ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

வராதவரின் பாட்டை என்ன செய்வது என்று ஐயாவிடம் கேட்டேன். "பாட்டை விடக் கூடாதும்மா. ஆள் வரலேன்னா முன்னாடிப் பாட்டுக்காரங்க சேர்த்துப் பாடிடணும். பாடி முடிச்சு அவங்க பேரைச் சொல்லணும்" என்றார். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் அப்படியே செய்தோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூக்கமே இல்லை, வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஓடுகிறது என்றால் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் இலங்கையில் 1926-இலும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மருத்துவரைப் பார்க்கவும் வேண்டும். குழுவில் ஒருவர் பேச்சில் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால், அன்றைக்குப் பதிகத்தை விட்டாலும் பரவாயில்லை, அவரோடு பேசிக்கொண்டிருங்கள்.

எங்கள் குழுவின் பெயர் ‘அப்பாலும்’. சுந்தரர் திருவாரூரில் அடியார்களைப் பட்டியலிட்டுப் பாடும்போது, தெரிந்த பெயரையெல்லாம் சொல்லிவிட்டு, வேறு தேசத்தில் வேறு காலத்தில் இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது என்று ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’ என்று ஒரு தொகுப்பாகச் சேர்த்துக்கொள்கிறார். டொரண்டோவுக்கும் மஸ்கட்டுக்கும் என் மூன்றாவது மாடிக்கும் அதில் இடம் இருப்பதாக நாங்களே எடுத்துக்கொண்டோம்.

வெளியே போக முடிந்ததும்

நடமாட்டம் வந்தவுடன் முற்றோதலுக்கு, அதாவது ஒரு நூல் முழுவதையும் ஒரே மூச்சில் கூடிப் பாடும் நிகழ்ச்சிக்கு, கிளம்பாதீர்கள். திருவாசக முற்றோதல் என்றால் 51 பகுதி, 658 பாட்டு, காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருக்க முடியும். அன்பாகச் சோறு போடுவார்கள், புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் உண்மை. தேறிவரும் முழங்கால் அதற்குத் தாங்காது. முதலில் ஓதுவார் இருக்கும் கோயிலாகப் பார்த்து, மாலைப் பூசைக்குக் கொஞ்சம் முன்னால் போய், அவர் குரல் கேட்கும் தூரத்தில் உட்காருங்கள்.

நான் பன்னிரண்டாவது வாரம் கைத்தடியோடு பேரூர் சிவன் கோயிலுக்குப் போனேன். அங்கே அன்றைக்கு ஒரு அடியார் கூட்டம் நமச்சிவாயப் பதிகம் பாடிக்கொண்டிருந்தது. தூணோரம் சாய்ந்து உட்கார்ந்தேன். பல வாரத்துக்குப் பிறகு பத்துப் பதினைந்து குரல் ஒரே நேரத்தில், தாமதம் இல்லாமல், காதில் விழுந்தது. கூடவே முணுமுணுத்தேன். ஏழாம் பாட்டு முடிந்தது. என் கட்டைவிரல் மடியிலிருந்த போனில் மியூட் பட்டனைத் தேடியது.